நூல் பிடித்த ஜீப்பு

ஹெல்த் இன்ஸ்பெக்டர் பால்ச்சாமி உடைமுள் புதருக்குள் போய் விழுந்ததற்கு இருளப்பசாமியின் ஜீப்புதான் காரணம். பந்தல்குடி ரோட்டில் அதுவரை ஒழுங்காக வந்துகொண்டிருந்த வண்டி, ஒரு சின்ன மேட்டில் ஏறி இறங்கியதும் இடது பக்கம் வெட்டியது. இருளப்பசாமி ஸ்டீரிங்கை இழுத்துப் பிடிப்பதற்குள் ரோட்டை விட்டு இறங்கிவிட்டது. முன்கண்ணாடியை மடக்கிப் போட்டிருந்ததால் தடுக்க ஒன்றுமில்லை. இன்ஸ்பெக்டர் பானெட்டின் மேல் உருண்டு புதரின் நட்டநடுவில் இறங்கினார்.

சட்டை, வேட்டி, காதுமடல் என்று ஒவ்வொன்றாக முள்ளிலிருந்து விடுவித்துக்கொண்டு அவர் வெளியே வர அரைமணி நேரம் ஆனது.

“இருளப்பா, இனி இந்தச் சனியன்ல நான் காலை வச்சா என்னைய ஏன்னு கேளு” என்று சொல்லிவிட்டு, அருப்புக்கோட்டைக்கு மூன்று மைலும் நடந்தே போனார்.

இருளப்பசாமிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. திருச்சுழிப் பக்கம் உழுது பிழைக்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. யுத்தத்தின்போது மணிப்பூர் மலைகளில் பட்டாளத்து லாரியும் ஜீப்பும் ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவன். பட்டாளம் வேண்டாமென்று ஒதுக்கிய வண்டிகளை மதுரையில் ஏலம் விட்டபோது, ஆசை அடங்காமல் ஒரு ஜீப்பை எடுத்துவிட்டான். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. கரிசல் காட்டில் ரோடே இல்லாத ஊர்களுக்கு ஆளையும் சரக்கையும் கொண்டுபோகலாம் என்பது அவன் யோசனை.

யோசனை நல்லதுதான். ஆனால் சித்திரை மாதம் ஒரு மைல்கல்லில் மோதியதில், இடது முன்சக்கரத்தைத் திருப்பும் இரும்புக் கம்பி வில்லாக வளைந்துவிட்டது. அதை ஒரு பட்டறையில் காய்ச்சி, தட்டி, நிமிர்த்தி மாட்டினான். அன்றிலிருந்து வண்டி இடது பக்கமே போகப் பார்த்தது. மதுரையில் கேட்டால், பத்து நாள் விட்டுவிட்டுப் போ என்றார்கள். பத்து நாள் வண்டியைப் பிரிந்திருக்க மனமில்லாமல், வலப்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே ஆறு மாதம் ஓட்டிவிட்டான். அவனுடைய வலது தோள் இடது தோளைவிடப் பருத்துவிட்டது என்று திம்மையா கேலி செய்வான்.

திம்மையா அருப்புக்கோட்டையில் கைத்தறி நெசவாளி. வீட்டுக்குள் கன்னடம், வாசலைத் தாண்டினால் தமிழ். அவன் நெய்த சேலைக் கட்டுகளை ஒரு தடவை ஜீப்பில் ஏற்றிப்போனதில் தொடங்கிய பழக்கம், இருளப்பசாமி டவுனுக்கு வந்தால் அவன் வீட்டில்தான் சாப்பாடு என்கிற அளவுக்கு முற்றியிருந்தது.

சுதந்திரம் வந்த அந்த வருஷம், கார்த்திகை பிறந்து நாலு நாள் விடாத மழை. எப்போதும் மணல் பறக்கும் குண்டாற்றில் இரண்டு கரையும் தொட்டுத் தண்ணீர் போனது. இருளப்பசாமி ஊர் திரும்ப முடியாமல் திம்மையா வீட்டிலேயே கிடந்தான். ஐந்தாம் நாள் காலை மழை விட்டது. ஏழு மணிக்கு, குடையை ஊன்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றவர் இன்ஸ்பெக்டர் பால்ச்சாமி. காதுமடலில் முள் கீறிய காயம் இன்னும் ஆறவில்லை.

“இருளப்பா, உன் வண்டி நேரா போகுமா?” என்றார்.

இருளப்பசாமிக்கு அவர் சண்டைக்கு வந்திருக்கிறாரோ என்று தோன்றியது. “என்ன சார், காலையிலயே...”

“ஆலடியேந்தல்ல வாந்திபேதி. அஞ்சு பேரு போய்ட்டாக. பதினெட்டுப் பேரு எந்திரிக்க முடியாமக் கெடக்காக. கோட்டைச்சாமின்னு அந்த ஊர் ஆளு ராவெல்லாம் நடந்து வந்து சொல்றான்.”

வீட்டுக்குள் தறிச்சத்தம் நின்றது. திம்மையா வெளியே வந்தான். அவன் மனைவி சௌடேஸ்வரி நிலைப்படியில் வந்து நின்றாள்.

காலரா ஊசிமருந்து விருதுநகரிலிருந்து பன்னிரண்டு மணி பஸ்ஸில் வருகிறது. அது மட்டுமென்றால் தலையில் வைத்துக்கொண்டு நடந்துவிடலாம். கிணற்றில் போட வெளுப்புப் பொடி நாலு மூட்டை. உப்புநீர்ப் புட்டி இரண்டு பெட்டி. திரும்பும்போது மோசமாகக் கிடப்பவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். முந்தின நாள் அந்த ஊரிலிருந்து டவுனுக்குப் புறப்பட்ட மாட்டுவண்டி கரிசல் சேற்றில் அச்சு வரை புதைந்துவிட, மாடுகளை மட்டும் அவிழ்த்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். ஆலடியேந்தலைச் சுற்றி எங்கும் வெள்ளம். இப்போது அந்த ஊருக்கு இருக்கும் ஒரே வழி, இரண்டு மைல் நீளத்துக்குப் போகும் கண்மாய்க் கரைதான்.

“கரை மேல சரளை இருக்கு. சக்கரம் புதையாது” என்றார் இன்ஸ்பெக்டர். “ஆனா அகலம் எட்டடி. மடைகிட்ட ஆறுதான் இருக்கும்னு கோட்டைச்சாமி சொல்றான். போறப்ப இடது பக்கம் பூராவும் தண்ணி. வலது பக்கம் ரெண்டு ஆள் பள்ளம்.”

ஜீப்பின் அகலம் ஐந்தடி. அது எந்தப் பக்கம் இழுக்கும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

இருளப்பசாமி வண்டியைப் பார்த்தான். தெருவை ஒட்டிய பாவடியின் ஓரத்தில், வேப்பமரத்தடியில் மழையில் நனைந்து நின்றுகொண்டிருந்தது. பயம் வரும் என்று எதிர்பார்த்தான். அதற்குப் பதிலாக, மலைப்பாதையில் வண்டிகள் வரிசை கட்டிப் புறப்படும் விடியற்காலைகளில் வரும் அதே துடிப்பு நெஞ்சுக்குள் வந்தது.

“பன்னெண்டு மணி வரைக்கும் டைம் கொடுங்க சார். நேராக்கிப்புடுறேன்.”

“உனக்குத் தெரியுமா அந்த வேலை?”

“பட்டாளத்துல நான் டிரைவரு. பிட்டர் வேலை பஞ்சாபிக்காரன் ஒருத்தன் பாப்பான். அவன் செய்யிறப்ப பக்கத்துல நின்னு டீ குடிச்சிருக்கேன்.”

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். வேறு வழி அவருக்கும் இல்லை.

அவர் போனதும் இருளப்பசாமி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அந்தப் பஞ்சாபிக்காரன் என்ன செய்தான்? முதலில் சமதரையில் நிறுத்துவான். அப்புறம் காற்று. அப்புறம் ஒரு சணல் கயிறு... ஆம், கயிறு! பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரை இழுத்துக் கட்டிவிட்டுக் குனிந்து பார்ப்பான்.

“ஏலே திம்மையா, சமதரை வேணும். அப்புறம், தொய்யாம நிக்கிற கயிறு ஒண்ணு.”

திம்மையா சிரித்துவிட்டான். “எங்ககிட்ட வந்து இதைக் கேக்கியே.”

பாவடி என்பது நெசவாளர்கள் பாவு நூலை நீளவாக்கில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போடும் இடம். நூறு கஜத்துக்கு மேடு பள்ளம் இல்லாமல், கால்பட்டுக் கால்பட்டு இறுகிக் கிடக்கும் தரை. நாலு நாள் மழையிலும் தண்ணீர் தேங்காமல் வடிந்திருந்தது. ஈரத்தில் பாவு போட முடியாதென்று தெருவே வேலையற்று இருந்தது. ஜீப்பை நடுவில் கொண்டுவந்து நிறுத்திய கால்மணி நேரத்துக்குள் ஐம்பது பேர் கூடிவிட்டார்கள்.

இருளப்பசாமி கைப்பம்பை எடுத்து நாலு டயருக்கும் ஒரே அளவாகக் காற்று அடித்தான். பின்பு ஸ்டீரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை சுற்றி, எத்தனை சுற்று என்று எண்ணி, சரிபாதியில் கொண்டுவந்து நிறுத்திக் கயிற்றால் கட்டினான். திம்மையா கஞ்சி போட்ட பாவு நூலில் நாலு இழையைச் சேர்த்து முறுக்கிக் கொண்டுவந்தான். வண்டிக்கு முன்னால் ஒரு முளை, பின்னால் ஒரு முளை அடித்து, சக்கரத்தின் நடு உயரத்தில் நூலை இழுத்துக் கட்டினார்கள். முதலில் வலது பக்கம்.

பின்டயரின் இரண்டு விளிம்பிலும் நூல் பட்டது. முன்டயரின் இரண்டு விளிம்பிலும் பட்டது. நாலு இடத்திலும் முத்தமிட்டதுபோல் ஒட்டி நின்றது.

“இந்தப் பக்கம் சரி” என்றான் இருளப்பசாமி. “இப்ப இடது.”

இடது பக்கம் நூலை இழுத்ததும் கூட்டத்தில் இருந்தவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். பின்டயரில் நூல் ஒழுங்காகப் பட்டது. முன்டயரின் முன்விளிம்போ, நூலை ஒரு விரற்கடை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. வலது சக்கரம் ரோட்டைப் பார்க்க, இடது சக்கரம் மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு வெளியே பார்த்தது.

“அடப்பாவி, ஆறு மாசமா நீ எங்கலே பாத்துக்கிட்டு வந்த!” என்று இருளப்பசாமி அந்தச் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினான். அவனுக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு நாளும் வண்டிக்கு ஏதோ பேய் பிடித்திருக்கிறது என்று நினைத்திருந்தான். இதோ, கண்ணால் பார்க்கும்படி ஒரு விரற்கடைதான் விஷயம்.

வண்டிக்கு அடியில் மல்லாக்கப் படுத்து நுழைந்தான். பட்டறையில் நிமிர்த்திய கம்பி கண்ணெதிரே இருந்தது. அதன் இரண்டு முனையிலும் எதிரெதிராக மரை. கம்பியைத் திருகினால் சக்கரத்தின் மூஞ்சி உள்ளேயோ வெளியேயோ திரும்பும். திருகவிடாமல் இரண்டு பக்கமும் இறுக்குப்பட்டைகள். அவற்றின் போல்டுகள் துருவேறி ஒன்றாகியிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினான். காத்திருந்தான். ஸ்பேனரை மாட்டி இழுத்ததில் அது வழுக்கி முழங்கை தோல் உரிந்தது. திம்மையா மறுபக்கம் நுழைந்து, கன்னடத்தில் என்னவோ திட்டிக்கொண்டே ஸ்பேனரைக் காலால் மிதித்தான். ‘டக்’ என்று ஒரு சத்தம். போல்டு கொடுத்தது. கூட்டம் ஓவென்று கத்தியது.

குழாய்ப்பிடியால் கம்பியைக் கவ்வி ஒரு சுற்றுத் திருகினான்.

“நூலு எங்கே இருக்கு?”

“இன்னும் வெளியே தள்ளுது! ரெண்டு விரக்கடை!” என்று வெளியிலிருந்து பத்துக் குரல்கள்.

“அப்ப மறுபக்கம் திருகணும்.”

மறுபக்கம் ஒரு சுற்று, இரண்டு, மூன்று. சௌடேஸ்வரி முன்டயரின் அருகில் குந்தி நூலைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே வந்தாள். “இன்னும் வரட்டும்ணே... இன்னும்... மெல்ல... ஆங், பட்டிருச்சு! நிறுத்துங்க!”

நாலு இடத்திலும் நூல் ஒட்டியது. மணி ஒன்பதரை.

ஆனால் பஞ்சாபிக்காரன் அதோடு விட்டதில்லை என்பது இருளப்பசாமிக்கு நினைவு வந்தது. கடைசியில் இரண்டு முன்சக்கரங்களுக்கும் இடையே முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை அளப்பான். முன்னளவு பின்னளவைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். ஓடும்போது சக்கரம் இரண்டும் காற்றிலும் கல்லிலும் வெளியே விரியப் பார்க்கும், அதற்காக முன்கூட்டியே கொஞ்சம் உள்ளே பார்க்கவைக்க வேண்டும் என்பான். எவ்வளவு கொஞ்சம் என்று கேட்டதற்கு ஒரு தடவை ஓட்டைக் காலணாவை எடுத்து அதன் கனத்தைக் காட்டியிருந்தான்.

ஜாக்கி வைத்து ஒவ்வொரு முன்சக்கரமாகத் தூக்கி, மெல்லத் திருப்பி, டயரின் நடுவரியை ஒட்டியே ஆணியால் சுற்றிலும் ஒரு கோடு போட்டான். வண்டியை இறக்கினான். திம்மையா இரண்டு மூங்கில் பட்டைகளைச் சேர்த்து, இழுத்தால் நீளுகிற மாதிரி நூலால் கட்டி ஓர் அளவுகோல் செய்தான். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கோட்டுக்குக் கோடு முன்னால் அளந்தார்கள். அதே உயரத்தில் பின்னால் அளந்தார்கள். காலணாவை இடுக்கிப் பார்த்தால் சரியாக இருந்தது.

“முடிஞ்சதுலே!” என்று துள்ளி எழுந்தான் இருளப்பசாமி.

“இன்னொரு தடவை பாத்துரலாம்” என்றாள் சௌடேஸ்வரி.

வண்டியைக் கொஞ்சம் தள்ளிவிட்டு மறுபடி அளந்தால், இரண்டு காலணாக் கனம். இன்னும் கொஞ்சம் தள்ளினால், வித்தியாசமே இல்லை. மூன்றாவது தடவை, தலைகீழாகப் பின்னளவு குறைந்தது. தொட்ட தொட்ட இடத்தில் ஒவ்வோர் அளவு. இருளப்பசாமி தலையில் கைவைத்துக்கொண்டான். மணி பத்தரை.

“கம்பிய எவனும் தொடல. அளவு மட்டும் எப்பிடிலே மாறும்?”

“மூங்கில் நெகிழுதோ?” என்றான் திம்மையா.

சௌடேஸ்வரி வண்டியின் முன்பக்கம் வந்தாள். இடது சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்து, “மெதுவா உருட்டுங்க” என்றாள். உருட்டினார்கள். அவள் ஒரு குச்சியைத் தரையில் ஊன்றி, நுனியை டயருக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். சக்கரம் சுற்றச் சுற்ற, டயர் குச்சியை நெருங்கியது, விலகியது, நெருங்கியது.

“மூங்கிலும் நூலும் பொய் சொல்லலண்ணே. சக்கரந்தான் கோணல். அன்னைக்கி மைல்கல்லுல இடிச்சதுல நெளிஞ்சிருக்கு.”

“அப்ப எந்த அளவைத்தான் நம்புறது?”

அவள் சற்று யோசித்தாள். பிறகு எழுந்துபோய்ச் சுண்ணாம்பைத் தொட்டுவந்து, இரண்டு டயரிலும் முன்புறம் கோட்டின் மேல் ஒரு பொட்டு வைத்தாள். “இந்தப் பொட்டுக்கும் அந்தப் பொட்டுக்கும் முன்னால அளங்க. அப்புறம் சக்கரத்தை அரைச்சுத்து உருட்டினா இதே பொட்டு பின்னால போயிரும். அங்க வச்சு அளங்க. ரெண்டு தடவையும் ஒரே எடத்தைத்தானே அளக்கோம்? கோணல் இருந்தாலும் ரெண்டுலயும் ஒண்ணுபோல இருக்கும்.”

இருளப்பசாமி நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு, “பஞ்சாபிக்காரனும் இப்பிடித்தான் உருட்டுவான்! எதுக்கு உருட்டுறான்னு நான் கேக்கவே இல்ல தங்கச்சி!” என்று கத்தினான்.

முன்னால் அளந்தார்கள். உருட்டினார்கள். பின்னால் அளந்தார்கள். முன்பக்கம் அரை விரற்கடை குறைவாக வந்தது. திருகியது அதிகம். கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, வண்டியை முன்னும் பின்னும் தள்ளி நிலைக்கவிட்டு, மறுபடி அளந்தார்கள். நாலாவது தடவை, மூங்கில் நுனிக்கும் பொட்டுக்கும் நடுவே ஓட்டைக் காலணா உரசிக்கொண்டு நுழைந்தது. மூன்று தடவை சோதித்தார்கள். மூன்று தடவையும் அதே காலணா. இறுக்குப்பட்டைகளை இருவருமாக முறுக்கி இறுக்கினார்கள்.

பதினொன்றேகால். இருளப்பசாமி எஞ்சின் சூடேற டவுனை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வண்டியைப் பாவடியின் ஒரு கோடிக்குக் கொண்டுபோனான். “எல்லாரும் ஓரத்துக்குப் போங்க! கையை விடப்போறேன்!”

வண்டி வேகமெடுத்தது. இருளப்பசாமி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். இருபது கஜம் நேராகப் போனது. நாற்பது கஜம். அறுபதாவது கஜத்தில், மிக மெதுவாக, வண்டி இடது பக்கம் சாயத் தொடங்கியது.

இருளப்பசாமி பிரேக்கை மிதித்து நிறுத்தினான். இறங்கிவந்து முன்சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தான். முன்போல் வெட்டவில்லைதான். ஆனால் இழுக்கிறது. ஆறடிக் கரையில் இந்த இழுப்பே போதும்.

“நூல் சரியா இருக்குலே, அளவு சரியா இருக்கு. இன்னும் என்னதான் வேணும் இதுக்கு?”

திம்மையா வலது முன்சக்கரத்தின் அருகில் உட்கார்ந்தான். சௌடேஸ்வரி இடப்பக்கம். சக்கரத்தின் நடுக்கிண்ணத்தில் கைவைத்தவள், சட்டென்று எடுத்துக்கொண்டாள். “அம்மாடி! சுடுது!”

“இங்க சில்லுன்னு இருக்கே” என்றான் திம்மையா மறுபக்கத்திலிருந்து.

இருளப்பசாமி நாக்கைக் கடித்துக்கொண்டான். முள்ளுக்குள் பாய்ந்த மறுநாள், பிரேக் பிடிக்கவில்லை என்ற கோபத்தில் அவனே இடது பக்கப் பிரேக்கை இறுக்கியிருந்தான். அது சக்கரத்தை முழுசாக விடாமல் கவ்விக்கொண்டே வந்திருக்கிறது. ஒரு பக்கம் கவ்வினால் வண்டி அந்தப் பக்கம்தான் போகும்.

“நானே செஞ்ச வேலை இது!” என்று சொல்லிக்கொண்டே படுத்து உள்ளே போனான். சக்கரத்தைத் தூக்கி, பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, கையால் சுற்றினால் தங்குதடையில்லாமல் சுற்றுகிறவரை விட்டான்.

இரண்டாவது தடவை கையைத் தூக்கியபோது ஜீப்பு பாவடியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நூறு கஜமும், தறியில் இழை ஓடுவதுபோல் ஓடியது. கடைசி முளைக்கு முன்னால் இருளப்பசாமி ஸ்டீரிங்கைப் பிடித்து நிறுத்திவிட்டு, வண்டிக்குள்ளேயே எழுந்து நின்று ஆடினான். திம்மையா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டான். தெருவில் யாரோ கோயில் சேகண்டியைக் கொண்டுவந்து அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் எழுந்த தொட்டில் பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அழுதன.

குமாரலிங்கபுரம் பக்கம் ரோட்டில் மரம் விழுந்திருந்ததால் பஸ்ஸு பன்னிரண்டரைக்குத்தான் வந்தது. இன்ஸ்பெக்டர் பெட்டிகளை ஏற்றினார். முன்சீட்டில் ஒரு காலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்து ஏறி உட்கார்ந்தார். திம்மையா மூட்டைகளின் மேல் உட்கார்ந்து ஊசிமருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். சௌடேஸ்வரியும் பின்னால் ஏறினாள்.

“நீ எங்கம்மா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“அங்க பொம்பளைக கையைக் காட்டுவாகளா உங்ககிட்ட? அதோட, நான் அளந்த வண்டி சார். நானும் வாரேன்.”

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

திருச்சுழி ரோட்டில் அவர் இரண்டு கையாலும் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மேட்டுக்கும் கண்ணை மூடினார். ஒன்றும் நடக்காததால் ஐந்தாவது மேட்டிலிருந்து திறந்தே வைத்திருந்தார். ரோட்டிலிருந்து பிரிந்த கரிசல் பாதையில் நாலு சக்கரமும் சேற்றை வாரி இறைத்தன. அச்சு வரை புதைந்து நின்ற மாட்டுவண்டியைச் சுற்றிக்கொண்டு, உறுமி உறுமி ஏறி, கண்மாய்க் கரைக்கு வந்தார்கள்.

அங்கே இருளப்பசாமி வண்டியை நிறுத்தினான்.

இடது பக்கம் கண்ணுக்கு எட்டியவரை செந்தண்ணீர், கரையின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே அலையடித்துக்கொண்டிருந்தது. வலது பக்கம் சரிவு, அடியில் மூழ்கிய பருத்திக்காடு. நடுவில் சிவந்த சரளை ஒரே கோடாக நீண்டு, தூரத்தில் ஒரு வேம்புக் கூட்டத்தில் முடிந்தது. அதுதான் ஆலடியேந்தல்.

பட்டாளத்து ஜீப்புக்கு ஸ்டீரிங் இடது பக்கம். இருளப்பசாமி எட்டிப் பார்த்தால் தன் பக்கத்து முன்சக்கரமும், அதன் கீழே தண்ணீரும் தெரியும். பள்ளத்துப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் இன்ஸ்பெக்டர்.

“போலாமா சார்?”

“கேக்காத. போ.”

முதல் கியரில் வண்டி நகர்ந்தது. இருளப்பசாமி ஸ்டீரிங்கை விரல்களால் மட்டும் பிடித்திருந்தான். ஆறு மாதம் முறுக்கிப் பிடித்துப் பழகிய தோள் தானாக வலப்பக்கம் இழுக்கப் பார்த்தது. அதை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. வண்டி தானே நேராகப் போகிறது, நாம் கெடுக்காமல் இருந்தால் போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒரு மைல் கடந்தது.

மடை வந்தது. மழை இருபுறமும் கரையை அரித்துவிட்டிருந்தது. திம்மையா இறங்கி முன்னால் போய்க் காலால் அளந்தான். “ஆறடி சரியா இருக்குலே! ஓரம் ரெண்டும் பொதபொதங்குது! நடுவுலயே வா!”

அவன் பின்னோக்கி நடந்தபடி கையைக் காட்ட, வண்டி அங்குலம் அங்குலமாக ஏறியது. மடையின் பாதியில், சரளைக்குள் மறைந்திருந்த ஒரு வேர் இடது முன்சக்கரத்தில் மோதியது. ஸ்டீரிங் இருளப்பசாமியின் விரல்களிலிருந்து துள்ளி இடது பக்கம் திரும்பியது. சௌடேஸ்வரி அலறினாள். முன்விளிம்பிலிருந்து ஒரு கட்டி மண் பெயர்ந்து தண்ணீரில் விழுந்தது.

அவன் பிடிப்பதற்குள் ஸ்டீரிங் தானாகவே திரும்பி நடுவுக்கு வந்து நின்றது. சக்கரம் வேரைத் தாண்டி, சரளையில் இறங்கி, நேராகப் போனது.

மடையைக் கடந்ததும் இன்ஸ்பெக்டர் இவ்வளவு நேரமும் அடக்கியிருந்த மூச்சை விட்டார். பிறகு திடீரென்று வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினார். “வந்துட்டோம்டா இருளப்பா! ஓட்டுடா! ஓட்டு!” மீதி ஒரு மைலையும் சிரித்தபடியே வந்தார். முன்னால் நடந்த திம்மையா ஒதுங்கி வழிவிட்டு, ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொண்டான். கரை முடிவில் வேம்படியில் நின்றவர்கள் கையை ஆட்டுவது தெரிந்தது.

ஊருக்குள் போனதும் சிரிப்பு நின்றது. குடிசைக்குக் குடிசை முனகல். இன்ஸ்பெக்டர் ஊசியைக் கொதிக்கவைத்துவிட்டு அழைத்தபோது ஆண்கள் தயங்கித் தயங்கி வந்தார்கள். பெண்கள் ஒருத்திகூட வரவில்லை. சௌடேஸ்வரி அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்கத் தன் கையை நீட்டினாள். ஊசி ஏறியபோது முகம் சுளித்தாள். “வலிக்கத்தான் செய்யுது” என்று உண்மையைச் சொன்னாள்.

முந்தின நாள் மகளைப் பறிகொடுத்திருந்த பெத்தம்மாள் சுவரில் சாய்ந்தபடி கேட்டாள். “இதைக் குத்துனா சாவு நின்னுருமா தாயி?”

“தெரியலக்கா. நிக்கணும்னுதான் அந்தக் கரை மேல வந்தோம்.”

பெத்தம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிறகு மீதியிருந்த இரண்டு பிள்ளைகளையும் தள்ளிக்கொண்டு வந்து முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள்.

கிணற்றில் மருந்து போட்டார்கள். பொழுது சாய்வதற்குள், மிக மோசமாக இருந்த மூன்று பேரைப் படுக்கவைத்துக்கொண்டு ஜீப்பு மறுபடி கரை ஏறியது. இன்ஸ்பெக்டரும் சௌடேஸ்வரியும் ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அந்த மூவரில் ஒரு கிழவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். மற்ற இருவரும் பிழைத்தார்கள். ஊரில் அந்த வாரம் இன்னும் இரண்டு பேர் போனார்கள். அதற்கப்புறம் சாவு இல்லை. தண்ணீர் வடியும்வரை ஒன்பது நாள், தினமும் காலையும் மாலையும், இருளப்பசாமி அந்தக் கரை மேல் போய்வந்தான். மூன்றாம் நாளிலிருந்து கரை மேல் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டினான் என்று இன்ஸ்பெக்டர் எல்லாரிடமும் புகார் சொன்னார். ஆனால் ஆபீசுக்கு எழுதியபோது, மழைக்காலத்துக்கு இந்த வண்டியையே நிரந்தரமாக அமர்த்த வேண்டும் என்று எழுதினார். அமர்த்தினார்கள்.

தை மாதம் ஒரு காலையில், தூத்துக்குடி ரோட்டில் ஓடும் லாரி ஒன்று நெசவாளர் தெருவுக்குள் நுழைய முடியாமல் நுழைந்து நின்றது. டிரைவர் இறங்கி, பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்தான்.

“இங்க நூல் பிடிச்சு வண்டிய நேராக்குற அம்மா யாருங்க? பந்தல்குடியில சொன்னாக. வலது பக்கமா இழுத்து இழுத்து என் கையே போச்சு.”

வரிசையின் நடுவிலிருந்து சௌடேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். கை நிறையக் கஞ்சி. முன்டயர்கள் இரண்டையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“பாவு காயணும். மத்தியானத்துக்கு மேல வாங்க” என்றாள். “அதுக்குள்ள நாலு சக்கரத்துக்கும் காத்தடிச்சு வைங்க. இருளப்பண்ணனுக்கு ஆள் அனுப்புறேன்.”